சித்தருக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

நாமகிரிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் கருங்காட்டுப்புதூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பேருந்து நின்றாலும் நிற்காவிட்டாலும் யாரும் கேட்காத ஊர். இப்போது நடத்துநரே படிக்கட்டில் தொங்கியபடி "தொக்கம் ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க" என்று கூவுகிறார். பாதிப் பேருந்து இறங்குகிறது. ஆளுக்கொரு கைக்குழந்தை, ஒரு பிளாஸ்க், ஒரு துண்டு, கொஞ்சமும் கேள்வி இல்லாத முகம்.

தொக்கம் என்றால் என்னவென்று தெரியாத பாக்கியவான்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குழந்தை சாப்பிட்ட ஏதோ ஒரு துண்டு உள்ளே எங்கோ சிக்கிக்கொண்டுவிடுமாம். அதனால்தான் வாந்தி, கழிச்சல், காய்ச்சல், ராத்திரி அழுகை எல்லாம். அந்தத் துண்டு வாரக்கணக்கானாலும் கரையாதாம், செரிக்காதாம், தானாக வெளியே வராதாம். கைராசிக்காரர் ஒருவர் வாயால் உறிஞ்சினால் மட்டும் வயிற்றுத் தோலைத் தாண்டிக் குதித்து வந்துவிடுமாம். நமது ஊர்களில் தொக்கம் எடுப்பவர்கள் எப்போதும் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஃபிளெக்ஸ் பேனர் இல்லை, யூடியூப் சேனல் இல்லை.

கருங்காட்டுப்புதூர் சின்னண்ணனுக்கு இரண்டும் இருந்தன. நான்கு வருடத்துக்கு முன்பு வரை அவர் பிராய்லர் கடையில் கோழி உரித்துக்கொண்டிருந்தார். கோழிக்கறி விலை சரிந்த ஒரு புரட்டாசி மாதத்தில் அவருக்கு ஞானம் பிறந்தது. தாடி வந்தது. காவி வந்தது. 'அகில உலகத் தொக்கச் சித்தர் சின்னண்ண சுவாமிகள்' என்று பேனர் வந்தது. அகில உலகம் என்பது மேற்கே ஓமலூரில் தொடங்கிக் கிழக்கே ஆத்தூரில் முடிந்துவிடும்.

சுவாமிகளின் பெருமையே மௌனம்தான். தொக்கம் எடுக்கும் வேளையில் வாய் திறக்க மாட்டார். பேச மாட்டார், சிரிக்க மாட்டார், எச்சில்கூட விழுங்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டார்கள். அவருக்காகப் பேசுவது மச்சினன் தீனதயாளன். டோக்கன் கொடுப்பவரும் அவரே, மைக் பிடிப்பவரும் அவரே, உண்டியலை அவ்வப்போது ஆட்டிப் பார்ப்பவரும் அவரே.

டோக்கன் கொடுக்கும்போது தீனதயாளன் அன்பாக ஒரு கேள்வி கேட்பார்.

"கொழந்தை கடசியா என்னங்க சாப்பிட்டுச்சு?"

"முட்டைங்க."

கோழிப் பண்ணைகள் சூழ்ந்த ஊர்ப்பக்கம். வேறு என்ன சொல்வார்கள்? டோக்கன் வரிசை நகரும். முறை வரும்போது சுவாமிகள் திரைக்குப் பின்னால் போய்ச் சாமியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, உதட்டை இறுக மூடியபடி வெளியே வருவார். குழந்தையின் தொப்புளில் ஒரு வெற்றிலையை வைப்பார். அதன்மேல் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். கண் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். பிறகு வாழை இலையில் துப்புவார். கொழகொழவென்று ஒரு முட்டைத் துண்டு விழும். தாய்மார்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "சொன்னாப்பலயே முட்டைதானுங்க வந்துச்சு" என்று வெளியே போய் அடுத்தவரிடம் சொல்வார்கள். சொன்னதே தாங்கள்தான் என்பது ஒருவருக்கும் தோன்றாது. அடுத்த குழந்தைக்கு முன்னால் சுவாமிகள் மறுபடியும் உத்தரவு வாங்கத் திரைக்குப் பின்னால் போவார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக உத்தரவு கொடுக்கிற அளவுக்குச் சாமிக்கு வேலை இல்லாமல் போனதே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

இதோடு நின்றிருந்தால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். சுவாமிகள் பத்தியமும் விதித்தார். மூன்று தடவை உறிஞ்சி முடிக்கிற வரைக்கும் குழந்தைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. தண்ணீர் பட்டால் தொக்கம் ஊறிப் பெருத்துவிடும், தாய்ப்பால்கூட நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான். இதைத் தீனதயாளன் மைக்கில் சொல்லும்போது கூட்டம் பயபக்தியோடு தலையாட்டியது. கழிச்சலில் தண்ணீராகப் போய்க்கொண்டிருக்கிற குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்கிற ஆளை நாம் சித்தர் என்கிறோம். வேறு நாட்டில் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

அந்தப் பகுதிக் கிராம சுகாதார செவிலியர் மதுமதி. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குறைவு. வேலைக்கு வந்த புதிதில் அவள் ஊர் மந்தையில் சார்ட் மாட்டிப் பாடம் நடத்தினாள். தொக்கம் என்று ஒன்று கிடையாது, குடலில் கிருமி, நீரிழப்பு என்று விளக்கினாள். கூட்டம் மரியாதையாகக் கேட்டது. கொடுத்த பிஸ்கட்டைத் தின்றது. பிறகு எழுந்து நேராகத் தொக்கம் எடுக்கப் போனது.

அதற்குப் பிறகு அவள் வழியை மாற்றிக்கொண்டாள். உப்பு சர்க்கரைக் கரைசலை 'மருந்து' என்று சொல்வதை விட்டுவிட்டு, வீட்டு நீராகாரத்தில் இருந்து பேச்சைத் தொடங்கினாள். வளைகாப்பு வீட்டுக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து, வளையல் அடுக்கிக்கொண்டே ஊசித் தேதிகளைச் சொன்னாள். மாரியம்மன் பண்டிகையில் மோர் ஊற்றுகிற இடத்திலேயே கைகழுவச் சொல்லிக்கொடுத்தாள். நம்பிக்கையோடு சண்டை போடாமல் பழக்கத்தோடு கூட்டுச் சேர்ந்தால் வேலை நடக்கும் என்று கண்டுகொண்டாள். தொக்கம் எடுக்கப் போகிறவர்களிடமும் "எடுங்க, வேணாம்னு சொல்லலை, ஆனா தண்ணியும் குடுங்க" என்றுதான் சொல்லி வந்தாள். பழைய தொக்கக்காரர்கள் அதற்குத் தடை சொன்னதில்லை. சின்னண்ண சுவாமிகள் வந்து தண்ணீரிலேயே கை வைத்தபோதுதான் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

கிழக்குத் தெருவில் ஆத்தாயியின் மகள் பிள்ளை கழிச்சலில் சுருண்டு கிடந்தது. கூலி வேலைக்குப் போகிற குடும்பம். மதுமதி போனபோது முதல் நாள்தான் சுவாமிகள் அந்தத் தெருவுக்கு வந்து, அவர்கள் வீட்டிலும் தொக்கம் எடுத்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்துவிட்டு மதுமதி பேச்சுக் கொடுத்தாள். ஆத்தாயி குறையெல்லாம் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். சொம்பில் தண்ணீர் மோந்து கொடுத்தாளாம், சுவாமிகள் தொடவில்லையாம்.

"பெரிய மனுசரு, நம்மூட்டுல எல்லாம் தண்ணி வாங்கிக் குடிப்பாருங்களா?" என்றாள்.

அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. பரம்பரையாகப் பழகிய அவமானம், அதனால் சந்தேகம் வரவில்லை. மதுமதிக்கும் முதலில் அதுதான் காரணம் என்று பட்டது. சுவாமிகள்மேல் ஏற்கெனவே இருந்த கோபத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டு வீடு போனாள்.

அந்த வாரம்தான் வெங்கடாசலத்தின் தோட்டத்திலிருந்து போன் வந்தது. பேசியது அவருடைய மருமகள் சுகன்யா. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

வெங்கடாசலம் கோழிப் பண்ணைக்காரர். ஷெட்டு ஷெட்டாக முட்டைக்கோழி வைத்திருக்கிறார். மகன் மணிமாறன் ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் வெங்கடாசலத்தின் பேச்சுதான் சட்டம். பேத்தி யுவஸ்ரீக்குப் பத்து மாதம். வாந்தியும் கழிச்சலுமாகச் சில நாளாகப் படுத்துக் கிடந்தது. சுவாமிகள் இரண்டு தடவை வந்து உறிஞ்சியாயிற்று. மூன்றாவது தடவைக்கு இன்றைக்கு வருகிறார். அதுவரை தண்ணீர் கிடையாது.

மதுமதி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். குழந்தைக்குக் கண் உள்ளே போயிருந்தது. நாக்கு வறண்டிருந்தது. அழுதது, ஆனால் கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். அது மெதுவாகத்தான் பழைய இடத்துக்குப் போனது. உடனே 108-க்குப் போன் செய்தாள். வண்டி வருவதற்குள் கரைசலைக் கொடுக்கலாம் என்று பாக்கெட்டைப் பிரித்தாள். வெங்கடாசலம் குறுக்கே வந்து நின்றார்.

"வேண்டாமுங்க. இன்னைக்கு ஒரு தடவதான் பாக்கி. சாமி வந்துட்டுப் போயிரட்டும், பொறவு எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க."

மதுமதி அவரை ஒரு தடவை பார்த்தாள். கோழிக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். சித்திரை வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஷெட்டுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியில் ஆள் ஒருவர் பொடி கலக்கிக்கொண்டிருந்தார்.

"அது என்ன பொடிங்க?"

"எலக்ட்ரோலைட்டுங்க. வெயிலுக்குக் கோழி சோந்து போகாம இருக்கோணுமில்ல."

"கோழிக்குக் கழிச்சல் வந்தா தண்ணிய நிறுத்துவீங்களா?"

வெங்கடாசலம் சிரித்தே விட்டார். "தண்ணிய நிறுத்தினா ஒரு ஷெட்டே போயிருமுங்க. கழிச்சல்னு தெரிஞ்சா அரை மணி நேரத்துல டாக்டரு வந்துருவாரு."

"அதே பொடிதாங்க இதுவும்" என்று கையில் இருந்த பாக்கெட்டைக் காட்டினாள் மதுமதி.

அவர் முகம் கறுத்தது. கோழியும் குழந்தையும் ஒன்றா என்று கேட்டார்.

"இல்லைங்க. கோழிக்குத்தானே நீங்க அரை மணி நேரத்துல டாக்டரைக் கூப்பிடுறீங்க."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தாலும் பெரிய மனிதர் அல்லவா, ஊர் முழுக்கச் சுவாமிகள் தன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

உள்ளறையில் சுகன்யா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதுமதி அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, சுவாமிகள் வந்தால் முதலில் என்ன செய்வார் என்று கேட்டாள். நேராக வந்து குழந்தையைத் தொடுவார், வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார் என்றாள் சுகன்யா.

"அவருக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

"குடுத்தமுங்க. குடிக்கலீங்க. வெரதமுன்னு அந்த தீனதயாளன் சொன்னாரு. மாமாவுக்குக்கூட மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்கூட்டுக்கு வந்த ஒறம்பரை, விருந்தாளி யாரும் தண்ணி குடிக்காமப் போனதில்லீங்க."

மதுமதி அப்படியே நிமிர்ந்தாள். கிழக்குத் தெருவில் குடிக்காததைச் சாதி என்று எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்து வீட்டில் குடிக்காததை விரதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரவர் வீட்டு வழக்கத்துக்கு ஏற்றபடி அவரவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். சுவாமிகளுக்கு அந்தச் சிரமம்கூட வைக்கவில்லை. ஒரு மனிதன் எந்த வீட்டிலும் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறான் என்றால், வாய்க்குள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டாமா?

அவள் சுகன்யாவின் காதில் இரண்டு வார்த்தை சொன்னாள். சுகன்யா மாமனாரின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு குழந்தையின் உலர்ந்த உதட்டைப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

கார் வந்து நின்றது. சுவாமிகள் இறங்கினார். உதடு பூட்டுப் போட்ட மாதிரி மூடியிருந்தது. பின்னாலேயே பித்தளைக் குழலோடு தீனதயாளன். கூட்டம் கைகூப்பி வழிவிட்டது. சுவாமிகள் பாய் விரித்த இடத்தில் உட்கார்ந்து, குழந்தையைக் கொண்டு வா என்பதுபோல் கையைக் காட்டினார்.

சுகன்யா வந்தாள். இடுப்பில் குழந்தை. வலது கையில் நிறையத் தண்ணீரோடு சொம்பு.

"தண்ணி குடிங்க சாமி."

சுவாமிகள் தலையை ஆட்டினார். விரதம் என்றார் தீனதயாளன்.

"எங்கூட்டுத் தண்ணி ஆகாதுங்களா?" என்றாள் சுகன்யா. நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை. "போன தடவையும் குடிக்கலீங்க, அதுக்கு முந்தியும் குடிக்கலீங்க. எங்கூட்டுத் தண்ணிய ஒரு வாய் குடிக்காதவங்க கையில எங்கூட்டுப் புள்ளைய நான் தரமாட்டனுங்க."

கூட்டம் அசைந்தது. நீரிழப்பு என்று மதுமதி வருடக்கணக்காகச் சொன்னது ஏறாத காதுகளில் இது சட்டென்று ஏறியது. வந்தவர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்துத் தோட்டத்துக் கந்தப்பன், ஒரு மடக்குக் குடித்துவிட்டால் விரதம் என்ன கெட்டா போகும் என்று முணுமுணுத்தார். எல்லோரும் வெங்கடாசலத்தைப் பார்த்தார்கள். அவர் இத்தனை நாளும் விழுங்கி வைத்திருந்த குறை இப்போது தொண்டைக்கு வந்தது.

"அம்மிணி சொல்றது நாயந்தானுங்களே. ஒரு வாய் குடிச்சுப்போட்டு வேலையப் பாருங்க சாமி."

சுவாமிகள் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் காரைப் பார்த்தார். சொம்பு சுவாமிகளின் உதட்டுக்கு நேராக நின்றது. வேறு வழியில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வாயில் இருந்ததைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிடலாம் என்று துணிந்து ஒரு மடக்குக் குடித்தார்.

விழுங்க முடியவில்லை. சுவாமிகளுக்கு மூச்சு முட்டியது. கண் பிதுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது, இந்தத் தடவை நிஜமாகவே. தீனதயாளன் குழலைக் கீழே போட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மதுமதி ஓடிப்போய்ச் சுவாமிகளைக் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி ஓங்கித் தட்டினாள். அதில் கொஞ்சம் மருத்துவமும் நிறைய ஆத்திரமும் இருந்தன. ஏதோ ஒன்று சுவாமிகளின் வாயிலிருந்து பாய்ந்து வெங்கடாசலத்தின் காலடியில் போய் விழுந்தது.

கொழகொழவென்று ஒரு முட்டைத் துண்டு.

சுவாமிகள் மூச்சு வாங்கினார். அகில உலகமும் கேட்கக் காத்திருக்க, முதன்முதலாகத் திருவாய் மலர்ந்தார்.

"தண்ணி" என்றார்.

சுகன்யா கொடுத்தாள். குழந்தைகளுக்கு எது ஆகாது என்று தடை போட்டாரோ அதைச் சொம்பு காலியாகிற வரைக்கும் குடித்தார்.

வெங்கடாசலம் குனிந்து அந்தத் துண்டை விரலால் எடுத்தார். பிதுக்கிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க முட்டையோடு புழங்கியவர். "இன்னைக்குக் காத்தால வெந்த முட்டையாச்சே இது" என்றார் மெதுவாக.

தீனதயாளனின் மூளைக்கு நான் இங்கே ஒரு கும்பிடு போட்டே ஆகவேண்டும். கொஞ்சமும் தயங்காமல், சுவாமியின் சக்தி அதிகம், தொடாமலேயே தூரத்தில் இருந்து தொக்கத்தை இழுத்துவிட்டார் என்றார். கூட்டத்தில் ஒருவர் அப்படியும் இருக்கலாம் என்று தலையாட்டினார். அந்த ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்.

"ரொம்ப சந்தோஷம். வாயைக் கொப்புளிச்சுட்டு, எங்க எல்லாருக்கும் திறந்து காட்டிட்டு, இன்னொரு துண்டு எடுக்கச் சொல்லுங்க" என்றாள் மதுமதி.

சுவாமிகள் எழுந்தார். உத்தரவு வாங்க அங்கே திரை இல்லை. நேராகக் காருக்குப் போனார். தலையாட்டியவரும் அதற்குப் பிறகு ஆட்டவில்லை.

108 வந்தது. வழியெல்லாம் சுகன்யா கரண்டி கரண்டியாகக் கரைசலை ஊட்டிக்கொண்டே போனாள். யுவஸ்ரீ அதை வெறிபிடித்த மாதிரி நக்கிக் குடித்தது. ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறியது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம், உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டதற்கு அடையாளமாக, தாத்தா மடியில் குழந்தை மூத்திரம் போனது. வெங்கடாசலம் நனைந்த வெள்ளை வேட்டியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, போகிற வருகிறவரிடம் எல்லாம் அதைக் காட்டி அழுதுகொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் ஊரார் சுவாமிகள் தொக்கம் எடுக்கும் கொட்டகைக்குப் போய்த் திரையை விலக்கிப் பார்த்தார்கள். சாமி படம் ஒன்று இருந்தது. அதன் முன்னால் சமையலறை அஞ்சறைப்பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. கடுகு, சீரகம் இருக்க வேண்டிய கிண்ணங்களில் முட்டைத் துண்டு, தேங்காய்ச் சில்லு, கோழித்தோல், தலைமுடிச் சுருள், காய்ந்த இட்லி. எந்தக் குழந்தை எதைத் தின்றாலும் அதற்குத் தொக்கம் தயார். சின்னண்ணனும் தீனதயாளனும் அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். போலீஸ் தேடுகிறது.

இத்தோடு கதை சுபமாக முடிந்தது என்று நினைக்கிறீர்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

மறுநாள் காலையில் மதுமதி துணை சுகாதார நிலையத்தைத் திறக்கப் போனபோது வாசலில் வரிசை நின்றது. ஆளுக்கொரு கைக்குழந்தை. முன்னால் நின்றவர் வெற்றிலை பாக்குத் தட்டு வைத்திருந்தார். நர்சம்மாவுக்குக் கைராசியாம். சித்தருக்கே தொக்கம் எடுத்துவிட்டாராம். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் போதுமாம்.

மதுமதி தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஒரு பேனர் அடித்திருந்தால் இன்றைக்கு அவளும் அகில உலகம் ஆகியிருப்பாள். பிறகு எழுந்தாள். தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு குடம் நல்ல தண்ணீர், பாக்கெட்டுகள், கரண்டி எல்லாம் எடுத்து வைத்தாள்.

"எனக்கு ராசியும் இல்லை, சக்தியும் இல்லை. குழந்தைய ஒவ்வொண்ணா பாக்குறேன். நான் எது குடுத்தாலும் எதுக்குக் குடுக்குறேன்னு கேளுங்க. கேக்காம யாரும் வாங்கிட்டுப் போகக் கூடாது."

வரிசை திகைத்து நின்றது. காணிக்கை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், மொட்டை அடிக்கச் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள். கேள்வி கேட்கச் சொன்னது யாருக்கும் பழக்கமில்லை. கடைசியில் வரிசையின் பின்னால் இருந்து ஆத்தாயி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, தண்ணி சரி. அதுல உப்பு எதுக்குங்க போடோணும்?"

மதுமதிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கழிச்சலில் தண்ணீரோடு உப்பும் சேர்ந்து வெளியே போய்விடும், இரண்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தால்தான் உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொன்னாள். உடனே இன்னொருத்தி சர்க்கரை எதற்கு என்றாள். அதற்குள் மூன்றாவது ஆள் வேறொன்று கேட்டார். அன்று வேலை முடிய மத்தியானம் தாண்டிவிட்டது.

ஆத்தாயி கேட்டபோது வானம் இடிந்து விழவில்லை. எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் கூடவில்லை. அதனால் உங்களுக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். இப்படியெல்லாம் கேள்வி கேட்டால் சாமிக்குக் கோபம் வரும் என்று எவராவது உங்களை மிரட்டினால், கோபம் சாமிக்கு வருமா, உனக்கு வருமா என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.